ஒன்பதாவது தட்டு

ஆலைக் குடியிருப்பின் கடைசி வரிசை, கடைசி வீடு. காலை பத்து மணிக்குக் குழாயைத் திறந்தாலும் இன்றைக்கு அங்கே தண்ணீர் கொட்டுகிறது. பல் தேய்த்த பிள்ளை குழாயை மூடாமல் ஓடிவிடுகிறது, தாய்க்காரி பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். தண்ணீர் வீணாகிறது என்று அந்த வரிசையில் ஒருத்தி கத்துவதற்கு முப்பத்திரண்டு வருஷம் பிடித்தது. தட்டக்கா இல்லாவிட்டால் இன்னும் முப்பது வருஷம் பிடித்திருக்கும்.

தட்டக்கா என்பது குடியிருப்பு வைத்த பெயர். சுகாதாரத் துறையில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் திரட்டுவது அவள் வேலை. ஊசி என்றதும் கொல்லைப்புறமாக ஓடும் பயல்களைக் காதைப் பிடித்து இழுத்துவருவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எந்தக் குழந்தைக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது என்று பெற்றவளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்தது. குடியிருப்புக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாய் பதிக்கப்போகிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொடு என்றார்கள். தலைக்கணக்கை வைத்துத்தான் குழாயின் அகலம். ஆள் குறைந்தால் குழாயும் ஒல்லியாகிவிடும், கடைசி வரிசைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் ஆலையின் சட்டத்தில் இருந்தது. ஓர் அறைக்கு ஐந்து பேர். ஆறாவது ஆள் தெரிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். ஆகவே முதல் நாள் காலையில் நாற்பது வீடு ஏறி இறங்கினாள், நாற்பது வீட்டிலும் ‘அஞ்சு பேர்’. வாசலில் பதினோரு ஜோடி செருப்பு கிடந்த வீட்டிலும் அஞ்சு பேர்தான். அடேயப்பா, அளந்து வைத்தாற்போல என்ன குடும்பங்கள்!

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏனென்றால் இந்த அஞ்சு பேர் கணக்கை அவள் கட்டிலுக்கு அடியில் இருந்து கேட்டிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. அன்றைக்கும் குழாய் போடத்தான் ஆள் எண்ண வந்தார்கள். வீட்டில் ஏழு பேர். அம்மா அவளையும் இரண்டு வயதுத் தம்பியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் கோணிமூட்டையை இழுத்துவிட்டாள். சத்தம் போட்டால் வீடு போய்விடும் என்று சொல்லி, தம்பியின் வாயில் ஒரு சர்க்கரைக் கட்டியைத் திணித்தாள். அது கரைவதற்குள் எண்ண வந்தவர் அஞ்சு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். தம்பி இன்னொரு கட்டி கேட்டு அடம்பிடித்தான்.

ஊரே அப்படிச் சொன்னது, அதற்கேற்ற குழாய் வந்தது. பாதி வரிசையோடு தண்ணீர் நின்றுபோயிற்று. கடைசி வரிசைக்காரர்கள் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் மொண்டார்கள். அந்தக் கோடையில் வாந்தியும் பேதியும் வந்தன. தம்பி இரண்டே நாளில் போய்விட்டான். அப்பா சாவைப் பதிய அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். உங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் இருக்கிறீர்கள், பிறகு யார் செத்தது என்று கேட்டார். ஆறாவது ஆள் இருந்தான் என்று சொன்னால் அறை போய்விடும். அப்பா சாவைப் பதியாமலே திரும்பி வந்தார்.

பெரியவளாகி வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்த வருஷத்து அறிக்கை ஒரு நாள் அவள் கையில் சிக்கியது. கடைசி வரிசையில் குழந்தை மரணம் இல்லை என்று அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை.

இப்போதும் அதே அஞ்சு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? வீட்டுக்கு வந்தவள் ஒரு புதுத்தாளை எடுத்து முதல் வரியில் தன் வீட்டை எழுதினாள். அவள், கணவன், இரண்டு பிள்ளைகள், புருஷன் விட்டுப்போன நாத்தனார், அவளுடைய மூன்று பிள்ளைகள். மொத்தம் எட்டு.

நாத்தனாருக்கு முகம் வெளிறிப்போயிற்று. “எங்களாலதானே அண்ணி உங்களுக்கு வீடு போகப்போகுது?” என்றாள். தறி மெக்கானிக்கான கணவன் தாளை வாங்கிப் பார்த்தான். எட்டும் சரியாக இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணினான். “சரி, சாப்பாடு போடு” என்றான். அந்த மனுஷனின் சுபாவமே அதுதான்.

மறுநாளிலிருந்து அவள் எத்தனை பேர் என்று கேட்பதை விட்டாள். முதலில் தன் வீட்டுத் தாளைக் காட்டினாள். பிறகு, சாப்பிடும் தட்டுகளை எடுத்து வை என்றாள். முதல் வீட்டுக்காரி தாளையே வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய் ஐந்து தட்டு கொண்டுவந்தாள். கொஞ்சம் நின்றாள். மறுபடி போய் இன்னும் நான்கு கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு கதவுகள் தானாகத் திறந்தன. தெருவெல்லாம் தட்டுச் சத்தம். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

குடியிருப்புக் கண்காணிப்பாளர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அவருக்கு விசிலண்ணன் என்றே பெயர். விஷயம் காதில் விழுந்ததும் மூச்சிரைக்க ஓடிவந்தார். எட்டுப் பேர் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய், நாளைக்கே அறையைக் காலி செய் என்று நடுத்தெருவில் குதித்தார்.

தட்டக்கா நிதானமாகத் தாள்களைப் புரட்டினாள். “இதோ பாருங்கண்ணே, நானூத்திப் பன்னெண்டு வீடு. அதுல அஞ்சு பேர் இருக்கிற வீடு முப்பதுகூட இல்ல. எல்லாரையும் காலி பண்ணிட்டு, நாளைக்குத் தறியை நீங்களே ஓட்டிடுவீங்களா?”

விசிலண்ணன் விசிலைக் கையில் எடுத்தார், ஊதாமலே கீழே விட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முடியாத பேச்சு ஒன்று பாக்கி இருந்தது. ஆலைப் பதிவில் இரண்டாயிரத்து அறுபது பேர், அவள் கணக்கில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. தலைமை அலுவலகம் நம்பவில்லை. பெரிய எஞ்சினியர் ஒருவர் நேரில் வந்தார். நரைத்த தலை, சிரிக்காத முகம். நானே இருபது வீட்டைப் பொறுக்கிப் பார்ப்பேன், ஒன்று தப்பாக இருந்தாலும் மொத்தத்தையும் தள்ளிவிட்டு ஆலைப் பதிவுப்படியே குழாய் போடுவேன் என்றார். தாராளமாகப் பாருங்கள் என்றாள் அவள்.

பத்தொன்பது வீடு பார்த்தார். தட்டு தட்டாகச் சரியாக இருந்தது. இருபதாவதாக, உங்கள் வீடு எது என்று கேட்டார்.

நாத்தனார் பதற்றத்தில் அலமாரியில் இருந்த தட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து தரையில் பரப்பினாள். எஞ்சினியர் ஒருமுறை எண்ணினார். குனிந்து இன்னொரு முறை எண்ணினார். தாளில் அவள் எழுதிய எட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒன்பது என்று எழுதினார்.

“உங்க வீட்டுக் கணக்கே தப்பா இருக்கும்மா. அப்ப மத்த வீட்டை நான் எப்படி நம்பறது?”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் வேடிக்கை பார்த்த கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது. அத்தனை பேரின் தண்ணீரும் அந்த ஒரு தட்டில் வந்து நின்றது. தட்டக்கா குனிந்து அதை எடுத்தாள். சின்ன அலுமினியத் தட்டு, ஓரத்தில் ஒரு நசுங்கல்.

“இது என் தம்பியோடது சார். ரெண்டு வயசு. போன தடவை எண்ண வந்தப்ப கட்டிலுக்கு அடியில இருந்தான், யாரும் எழுதல. வாய்க்கால் தண்ணியைக் குடிச்சுச் செத்தான், அதையும் எழுதல. தட்டை மட்டும் எங்கம்மா எடுத்து வச்சிருந்தாங்க. இதுல யாரும் சாப்பிடறதில்ல.”

எஞ்சினியர் அந்த நசுங்கலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பென்சிலைத் திருப்பி, அதன் முனையில் இருந்த ரப்பரைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

“கொஞ்சம் இருங்க சார்,” என்றாள் தட்டக்கா. “டீ குடிச்சிட்டு அழிக்கலாம். அவனை ஒரு காகிதத்துல எழுதின முதல் ஆளு நீங்கதான்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். நாத்தனார் டீ கொண்டுவந்தாள். அவர் மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தார். தட்டக்கா எதிரே உட்கார்ந்து அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர் காலியானதும் அவளே பென்சிலை எடுத்தாள். ஒன்பதை அழித்து, தூளை ஊதிவிட்டு, பக்கத்தில் இருந்த எட்டின் மேலேயே மறுபடி அழுத்தி எழுதினாள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“கையெழுத்துப் போடுங்க சார்.”