எம்.எல்.ஏ. மாஷின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

சென்ற வாரம் கொச்சி வைட்டிலாவில் பஸ் ஏறினேன். மடியில் மலர்வளையத்துடன் ஒருவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஈரமான பெரணி இலை, சம்பங்கி, பிளாஸ்டிக் ரிப்பன் மூன்றும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் திரும்பி மணி பார்த்தது. பத்தேகால். "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டே விட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு. ஆளை அறியுமோ?" தெரியாது என்றேன். அதன்பிறகு அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பழைய வேலையின் புத்தி அது. இன்று நான் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறேன். அதாவது மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். அதற்கு முன், பாலிடெக்னிக் முடித்த கையோடு, மட்டாஞ்சேரியில் ஒரு எம்.எல்.ஏ. ஆபீஸில் மூன்று வருடம் மரணங்களையும் கல்யாணங்களையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல்மாடி. காலையில் கீழே மூட்டை அவிழ்த்தால் மேலே எல்லோரும் தும்முவோம். குறை சொல்ல வந்தவர்கள் தும்மிக்கொண்டே சொல்வார்கள். கோபமாக வந்தவர்கள்கூட நாலு தும்மலுக்குப் பிறகு சிரித்துவிடுவார்கள். மாஷுக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று டிரைவர் ஷாஜி சேட்டன் சொல்வார்.

மாஷ் என்றால் வாத்தியார். அரசியலுக்கு வருமுன் டியூட்டோரியல் காலேஜில் கணக்கு நடத்தியவர். பிறகு வார்டு கவுன்சிலர், பிறகு ஒரு தோல்வி, பிறகு தொடர்ந்து இரண்டு முறை எம்.எல்.ஏ. சட்டசபையில் அவர் பேசியது கம்மி. பேசினாலும் மைக்குக்கே கேட்காது. ஆனால் தொகுதியில் யார் இறந்தாலும் முகம் காட்டுவார். அங்கே அது வழக்கம்தான், எல்லா எம்.எல்.ஏ.க்களும் போவார்கள். மாஷ் மட்டும் ஒன்றையும் விடமாட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஜீப்பில் மைக் கட்டி, "நாம் இவரை அனுப்பியது சபைக்கா, சுடுகாட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மாஷ் மாடி ஜன்னலிலிருந்து அவர்களுக்கும் கை காட்டுவார்.

நான் அந்த ஆபீஸுக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கொச்சங்காடியில் கோடவுன்களுக்குப் பின்னால் பன்னிரண்டு தமிழ் வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. எங்களுடையது ஏழாவது. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவுப் பணியாளர். வரிசையில் முக்கால்வாசிப் பேர் அதே வேலை. மூன்று தலைமுறையாக இருந்தும் நிலம் புறம்போக்கு. என்றைக்கு வேண்டுமானாலும் எழுந்து போகச் சொல்லலாம். பட்டா வாங்கித் தருவதாக மாஷ் ஏற்றிருந்தார். அந்த ஃபைல் பல மேசை தாண்டித் தாசில்தார் மேசையில் வந்து படுத்திருந்தது. மாஷின் இரண்டாம் பதவிக்காலம் முடியப்போகிறது. அதற்குள் நடக்காவிட்டால் அடுத்து வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்பா என்னை அனுப்பும்போது, "ஏட்டி, ஒன் வேலை வேற, நம்ம ஃபைல் வேற. மாஷ் கிட்டப் போயி தினமும் நச்சரிக்காதே" என்றார். பிறகு தினமும் சாயங்காலம், "ஃபைல் என்னாச்சு?" என்று என்னை நச்சரித்தார்.

கம்ப்யூட்டரில் நான் போட்ட பட்டியலில் நான்கு விஷயங்கள்: நேரம், வீட்டுப் பேர், இடம், என்ன நிகழ்ச்சி. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் உண்டு. ஆளைவிட வீட்டுப் பேர்தான் முக்கியம். ஒரு மலையாளியிடம் வீட்டுப் பேரைச் சொன்னால் யார் வீடு, யார் மச்சான், என்ன உத்தியோகம் எல்லாம் சொல்லிவிடுவார். எங்கள் வரிசை வீடுகளுக்கு நம்பர்தான். எனக்கு எல்லா வீட்டுப் பேரும் வெறும் எழுத்து.

ஓணம் கழிந்த ஒரு ஞாயிறு. பதினொரு நிகழ்ச்சிகள். ஷாஜி சேட்டன் வழிக்குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு காலிக் கட்டம் கேட்டார் என்று நிகழ்ச்சிக் கட்டத்துக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்தேன். பிறகு நேரப்படி வரிசைப்படுத்தினேன். காலிக் கட்டத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவை மாறின. அந்தப் பக்கம் இருந்த "மரணம், கல்யாணம்" மட்டும் அசையாமல் வேறு வேறு வீட்டுக்கு நேராக நின்றன. கம்ப்யூட்டர் படித்த யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும், தப்பு நடந்து முடிந்த திங்கட்கிழமைகளில்.

வழக்கமாகக் கூடப்போகும் உதவியாளர் லீவு. அதனால் நானே காரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போனேன். முதல் மூன்று வீடுகள் தற்செயலாகச் சரியாக இருந்தன. நாலாவதற்கு, வாயில் நுழையாத வீட்டுப் பேரை விட்டுவிட்டு, இடத்தையும் "மரணம்" என்பதையும் படித்தேன். வழியில் மலர்வளையம் வாங்கினோம். சந்து குறுகல். தூரத்தில் நீலத் தார்ப்பாய்ப் பந்தலும் சிவப்பு நாற்காலிகளும் தெரிந்தன. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வாடகைக் கடைதான் சாமான் கொடுக்கும். மாஷ் முகத்தைச் சாவு வீட்டுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டு, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நடந்தார். திரும்பியதும் பார்த்தால், குலை தள்ளிய இரண்டு வாழைகள் வாசலில் கட்டியிருந்தன. நாதஸ்வரக்காரர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண், "அய்யோ, ரீத்து!" என்றாள். மலர்வளையத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

கல்யாணப் பெண்ணின் அப்பா வேகமாக வந்தார். தாசில்தார். எங்கள் ஃபைல் யார் மேசையில் இருந்ததோ, அவரேதான்.

"எந்தா மாஷே இது?"

மாஷ் திரும்பி என்னைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வளையத்தை அப்படியே பின்னால் ஷாஜி சேட்டனிடம் கொடுத்துவிட்டு, "எனக்குத் தெற்றிப்போச்சு சாரே. வயசாகுது" என்றார். (அவர்கள் பேசியது மலையாளம்தான். உங்களுக்காக முடிந்த அளவு தமிழாக்கிச் சொல்கிறேன்.)

தாசில்தார் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் பேசினார். "வந்தது வந்தாச்சு. இருந்து உண்டுட்டுப் போகணும் மாஷே. உண்ணாம இறங்கினா அதுதான் தோஷம்."

மாஷ் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. ஐந்து நிமிடம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். இங்கே தாலி கட்டவே அரை மணி இருந்தது. அடுத்த வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். கட்சியின் மாவட்டத் தலைவருடைய அண்ணன் இறந்திருந்தார். பன்னிரண்டுக்கு எடுப்பார்கள். அடுத்த தேர்தலுக்கு யார் வேட்பாளர் என்று எழுதுகிற கை அந்தத் தலைவருடையது.

ஷாஜி சேட்டன் குனிந்து, "மாஷே, அவிடே பன்னிரண்டுக்கு" என்றார்.

"மரிச்சவர் கோபிக்க மாட்டார் ஷாஜி. இவங்க கோபிப்பாங்க."

"மரிச்சவரோட தம்பி கோபிப்பாரே?"

மாஷ் போய் மூன்றாவது வரிசையில் ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். தாலி கட்டியதும் எழுந்து பூ தூவினார். முதல் பந்தியில் உட்கார்ந்து நேந்திரங்காய் உப்பேரியிலிருந்து இரண்டாவது பாயசம்வரை சாப்பிட்டார். கல்யாணப் பெண் வந்து வணங்கியபோது கணக்கு வாத்தியாராக, "ப்ளஸ் டூவில் எத்தனை மார்க்கு?" என்று கேட்டார். பந்தல் சிரித்தது. தாசில்தாரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். "நம்ம ஃபைலப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஷே?"

"மோளைக் கட்டிக் குடுக்கிற மனுஷன்கிட்டயா? நீ அடுத்ததை வாசி."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றார். "மாஷ் பிஸி ஆள் அல்லே" என்று மட்டும் சொன்னார். மாஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வரிசையை அளக்கச் சர்வேயர் வந்தார். அந்தப் பாயசத்துக்கும் சர்வேயருக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. தாசில்தார் எப்படியும் செய்திருப்பாரோ என்னவோ. பதவிக்காலம் முடியும் முன்பே பள்ளிக்கூட மைதானத்தில் மாஷ் கையால் பன்னிரண்டு பட்டா கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அன்று மாலையே கூட்டமாகப் போய்ப் பன்னிரண்டையும் லேமினேட் செய்துவிட்டார்கள். மூலப் பத்திரத்தை யாராவது லேமினேட் செய்வார்களா என்று பிறகு பல ஆபீஸில் திட்டு வாங்கினார்கள். அப்பா மட்டும், "மழை ஒழுகுற வீட்டுல இருந்து பாத்தா தெரியும்" என்றார்.

வேட்பாளர் பட்டியல் டி.வி.யில் வந்த அன்று ஆபீஸில் ஒன்பது பேர் இருந்தோம். மாஷ் பேர் இல்லை. யாரும் தும்மக்கூட இல்லை. எல்லோரும் போனபிறகு நான் அவர் மேசை முன்னால் நின்றேன். "என் தப்புதான் மாஷே."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். "ரெண்டு தடவை கழிஞ்ஞா மாத்துவாங்க. அது கட்சி வழக்கம். உன் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பவர் இல்லா மோளே." பிறகு, "நாளைக்கு யாரெல்லாம்?" என்று பட்டியலுக்குக் கையை நீட்டினார்.

பட்டா கிடைத்தால் காலமெல்லாம் அங்கேயே இருப்போம் என்று நினைத்தோம். யாரும் எழுப்ப முடியாத இடத்தை விற்கவும் முடியும் என்பது பிறகுதான் உறைத்தது. முதலில் கோடியிலிருந்த வீடு ஹோம்ஸ்டே ஆயிற்று. அடுத்தது காபிக் கடை. அக்கம்பக்கம் கதவு சாத்தியிருக்க நடுவில் எத்தனை நாள் தனியாக இருப்பது? ஒன்பதாவதாக நாங்கள் விற்றோம். வைட்டிலா பக்கம் ஐந்தாவது மாடிக்கு வந்தோம். அப்பா பால்கனியில் நின்று யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உள்ளே வந்துவிடுவார்.

போன வருடம் அப்பா போனார். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். போனில் நிறையக் கூப்பிய கைகள் வந்தன. மறுநாள் சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். மாஷ். குடையும் துணிப்பையுமாக, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"காலையிலேயே பேப்பர்ல பார்த்தேன். கொச்சங்காடின்னு நினைச்சு அங்க போயி நின்னேன். உங்க வீட்டு வாசல்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு புஸ்தகம் வாசிச்சிட்டிருக்கு. வேற யாருமில்ல கேக்க. உன் நம்பர் தேடிப் பிடிக்க இவ்வளவு நேரமாயிட்டு."

அப்பா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சாயா குடித்தார். பிறகு, "வரிசைல மத்தவங்க வந்தாங்களா?" என்றார். இரண்டு பேர் வந்தார்கள் என்றேன். "சரி, ஒரு பேப்பர் எடு. பன்னிரண்டு வீடும் எழுது. யாரு எங்க இருக்காங்கன்னு சொல்லு. நான் போயி சொல்லிட்டு வரேன்."

எழுதினேன். எங்கள் வீடு போக எனக்கு நான்கு முகவரி தெரிந்தது. மாஷுக்கு இன்னும் இரண்டு தெரிந்தது. மீதிக்கு இருவரும் மாறி மாறி யோசித்தோம். தூத்துக்குடிக்கே திரும்பிப் போனதாக ஒருவரைப் பற்றிக் கேள்வி. இன்னொருவருக்குப் பழைய நம்பர் இருந்தது, போட்டுப் பார்த்தோம், எடுத்தது வேறு யாரோ. மாஷ் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். வந்துபோன இரண்டு வீடு போக மீதி நான்கு வீட்டுக்கும் ஒரே வாரத்தில் நேரில் போய்ச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

முகவரி கிடைக்காத ஐந்து வீட்டுக்கும் அப்பா இறந்தது இன்னும் தெரியாது.