வெளி உபயோகத்துக்கு மட்டும்

சம்பத் மாமா போய்விட்ட செய்தி எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் டியூஷனில் இருந்தேன். "ஆசார்யன் திருவடி அடைந்தார்" என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. ஏப்ரல் முதல் தேதியன்று அதே குழுவில் "இரண்டு நாள் தண்ணீர் வராது" என்று எழுதி, கட்டடம் முழுவதையும் வாளி வாளியாகப் பிடித்து வைக்கச் செய்தவர் அவர். நான் பூஜை அறைச் சொம்பைக் கூட விடவில்லை. அதனால், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஏமாந்தியா?" என்பார், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டேதான் சைக்கிளை மிதித்தேன். அவர் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, படிக்கட்டு வரைக்கும். அத்தனை செருப்பைச் சேர்த்துப் பொய் சொல்ல அவராலும் முடியாது.

அரியமங்கலத்துப் பட்டறைக்காரர்கள், கொள்ளிடக்கரையில் அவருடன் நடந்தவர்கள், எங்கள் கட்டடத்தில் அவரிடம் ஏமாந்தவர்கள் எல்லோரும் இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிப்பீர்கள் என்று அவர் மனைவி, எங்கள் மாமி, சொன்னார். எழுதச் சொன்னதும் அவர்தான். "நீ எழுதுடி. மத்தவா எழுதினா அவரை ரொம்ப நல்லவராக்கிடுவா."

மாமாவுக்கு அரியமங்கலத்தில் வேலை. இரும்பு வார்க்கும் பட்டறைகளுக்கு உலோகத்தைச் சோதித்துச் சொல்லும் கூடம் அது. ஒரு துண்டை இயந்திரத்தில் வைத்தால் பொறி பறக்கும். அந்தப் பொறியின் ஒளியை வைத்து, எதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பகல் முழுக்கக் கலப்பைப் பிரித்தவர், வீட்டுக்கு வந்து கலப்பே இல்லாத ஒன்றைத் தேடினார். எல்லாப் பொருளும் ஒரே ஆதிப்பொருளிலிருந்து வந்தவை, அது கையில் கிடைத்தால் ஈயமும் பொன்னாகும், உடம்பும் நோயில்லாமல் நிற்கும் என்பது ரசவாதிகளின் கனவு. நம் சித்தர் மரபில் அதற்கு முப்பு என்று பெயர். உப்புகளுக்கெல்லாம் தாய் உப்பு. அதை எடுக்கிற மண்ணும் ஒன்று உண்டு. பங்குனி, சித்திரை பௌர்ணமியை ஒட்டி, உவர்நிலத்தில் வெயில் படுவதற்கு முன்னால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பூநீறு என்பார்கள். வெயில் ஏறிவிட்டால் எடுக்கக் கூடாது.

எப்போது பார்த்தாலும் மூலப்பொருள், மூலப்பொருள் என்று பேசியதால் நான் அவருக்கு "மூலம் மாமா" என்று பெயர் வைத்தேன். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபிக்கவில்லை. "பொருத்தமாத்தான் வச்சிருக்கே. ரெண்டுமே மனுஷனை உக்கார விடாது" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் "பாதரசம்". ஓரிடத்தில் நிற்காது, தொட்டால் ஓடும், கொஞ்சம் விஷம். "எனக்கு மிளகு ரசம்தான் மாமா பிடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் மாறவில்லை.

பள்ளிப் பேச்சுப்போட்டியில் எனக்குத் தங்கப் பதக்கம் கிடைத்த வாரம், அதை அவருடைய கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பொறி பறந்தது. பதக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"துத்தநாகம். மேல பித்தளை முலாம். பேச்சுப்போட்டிக்கு இது ஜாஸ்திடி, நீ குடுத்தது வெறும் காத்துதானே."

"அப்ப நீங்களே இதைத் தங்கமா மாத்திக் குடுங்க."

"அது நட்சத்திரம் மோதிக்கறப்போ ஆகற தளிகை. ரசவாதிகள் கேட்ட கேள்வி சரிதான். அந்தச் சமையலுக்கு அடுப்புதான் சின்னதாப் போயிடுத்து."

"எல்லாம் ஹைட்ரஜன்ல ஆரம்பிச்சதுன்னு சயின்ஸ்ல சொல்லியாச்சே மாமா. இன்னும் எதுக்கு உப்பு?"

"ஹைட்ரஜன் எதுலேர்ந்து வந்தது?"

"அது... அடுத்த சாப்டர்."

"நானும் அந்த சாப்டர்லதான் உக்காந்திருக்கேன்."

மாமிக்கு இதெல்லாம் பிடிக்காது. "எல்லாத்துக்கும் மூலமானவர் அங்க கோயில்ல சௌக்கியமா சயனிச்சுண்டிருக்கார். நாலு வீதி நடந்தா சேவிக்கலாம். இவர் மன்னார்புரம் தாண்டிப் போய் மண்ணைச் சுரண்டறார்!" என்பார். மாமா பணிவாகப் பதில் சொல்வார்: "பெருமாள் யாருன்னு நான் கேக்கலையே. எதை வச்சுப் பண்ணினார்னுதான் கேக்கறேன்."

ஒரு பங்குனியில் நானும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். மன்னார்புரத்துக்குத் தெற்கே மனை போட்டுக் கல் நட்டிருந்த உவர்நிலம். மாமா குந்தி உட்கார்ந்து, கோழி இறகால் பூநீற்றைக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். காவல்காரர் குச்சியோடு ஓடி வந்தார்.

"யாருங்க அது? ஏன் சார், பெரிய மனுசனா இருந்துக்கிட்டு மண்ணு திருடுறீங்களே?"

"மண்ணு இல்லப்பா. மண்ணோட அம்மா."

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினேன். "கூட்டிட்டுப் போம்மா, பாவம்" என்று வழிவிட்டார். திரும்பும்போது மாமா முழு வழியும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மறுநாள் அந்தப் பூநீற்றை எடுத்து ஒளித்துவிட்டு, அதன் இடத்தில் துணி துவைக்கும் பவுடரை வைத்தேன். மாமா தண்ணீர் ஊற்றியதும் நுரை பொங்கியது, எலுமிச்சை வாசனையோடு. அவர் அதிலேயே தன் வேட்டியைத் துவைத்து உலர்த்திக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆதிப்பொருளோட முதல் பலன். எவ்வளவு வெளுப்பு பாரு" என்றார். பூநீற்றைத் திருப்பிக் கொடுத்தேன். பூநீற்றைக் காய்ச்சி வடித்த உப்பை அவர் வருடாவருடம் சேர்த்து வைத்த ஊறுகாய் பாட்டிலில் நானே ஒரு லேபிளும் ஒட்டிவிட்டேன்: "மூலம். வெளி உபயோகத்துக்கு மட்டும்."

போன வருடம் அவருடைய சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். சமையலிலேயே உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் மாமி அந்த பாட்டிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒரு ஸ்பூன் உள்ளே போனாலும் ஆபத்து என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமிக்குத் தூக்கம் இல்லை. காயகற்பம் என்று நம்பிச் சேர்த்ததை, உடம்பு இப்படி ஆன பிறகு ஒரு மனிதர் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாள் மாமி மாடியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையில் அரிசிமாவுப் பொட்டலத்தைத் திணித்தார்.

"இத்தனை நாள் விஷமம் பண்ணினியே. எனக்காக ஒண்ணு பண்ணு. அதைக் கொட்டிட்டு இதைப் போட்டு வச்சுடு. அவருக்குத் தெரியப்படாது."

மாமா கண்ணை மூடிச் சாய்வு நாற்காலியில் இருந்தார். அலமாரியைத் திறந்தேன். பாட்டிலின் மூடியைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. உப்புக்கு எறும்பு வருமா? திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பொடித்த கற்கண்டு.

"என்ன பாதரசம், கைவரிசை காட்ட வந்தியா?"

கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"மாமா, இதை யாரோ முன்னாடியே மாத்திட்டாங்க."

"நான்தான். உங்க மாமி உன்னைத்தான் அனுப்புவான்னு தெரியும்."

"அப்ப அந்த உப்பு?"

"சிங்க்ல கொட்டிட்டேன்."

பத்து வருடப் பங்குனி. "கொட்டிட்டேன்னு மாமிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"பாட்டில் இருந்தா பயப்படறா. கொட்டிட்டேன்னா, இவர் நம்பிக்கையே விட்டுட்டார்னு அழுவா. நீ மாத்தினதாச் சொல்லு. ரெண்டும் இருக்காது."

"உங்களுக்கு ஒரு தடவை கூடச் சாப்பிட்டுப் பாக்கணும்னு தோணலையா?"

"தோணித்து. ஒரு நாள் ஸ்பூனோட நின்னேன். லேபிளைப் பாத்தேன். நீதான் தெளிவா எழுதியிருக்கியே, மீறலாமா?"

நான் மாமியிடம் போய், "மாத்திட்டேன்" என்றேன். அன்று மதியம் மாமி வீட்டுக் கூடத்தில் தலையணை கூட இல்லாமல் படுத்துத் தூங்கினார். மாமா நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாதே என்று எனக்குச் சைகை காட்டினார். கடைசி வரை அவர் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, தீட்டு கழிக்கும் சுபஸ்வீகாரம் ஆன அன்று, அத்தனை நாளும் வெறுமையாகக் கிடந்த வாசலில் கோலம் போட வேண்டும். மாமி அந்த பாட்டிலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "நீ போட்டு வச்ச மாவுதானே? வீணாக வேண்டாம். நீயே ஒரு கோலம் போடு."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து போட்டேன். இழை சரியாக விழவில்லை, நறநறவென்று சிதறியது. கோலத்தை நான் முடிப்பதற்குள் எறும்புகள் வந்துவிட்டன, கூட்டம் கூட்டமாக. மாமி குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தித்திக்கறதே?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாமி எறும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிங்க்லயா கொட்டினார்?"

"ஆமா மாமி."

"அதான் அந்த வாரம் அடைப்பு தானா விட்டுப் போச்சா!"

சிரித்தார். பாதியிலேயே அது அழுகையாயிற்று. "பைத்தியம், பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டார். கோலத்தின் ஒரு மூலையை எறும்புகள் அதற்குள் காலி செய்திருந்தன.

பாட்டிலை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து கழுவினேன். தண்ணீரில் லேபிள் ஊறும், மை கரையும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் விளையாட்டுக்கு எழுதியதன் மேல் மாமா செலோ டேப் ஒட்டியிருந்தார்; நான்கு ஓரமும் நகத்தால் அழுத்தி, ஒரு காற்றுக்குமிழி கூட இல்லாமல்.

அந்த பாட்டில் இப்போது என் மேஜையில் இருக்கிறது. பேனா, பென்சில் போட்டு வை என்கிறாள் அம்மா. எதையும் போடவில்லை. எல்லாம் எதிலிருந்து வந்தது என்று கேட்டவருடைய பாட்டில் அது. அந்தக் கேள்வி உள்ளேயே இருக்கட்டும்.