ராஜ திராவகம்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷம் குடுவை கழுவியவள் அவள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேராசிரியர்கள் பாடம் நடத்தும்போது காதில் விழுந்ததுதான் படிப்பு. அந்தத் துறையை மூடியதும் கணவனின் அண்ணன் வீடு தேடி வந்தார். பழைய கைபேசிகளையும் கணினிகளையும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். உள்ளே இருக்கும் பின்களில் தங்கம் பூசியிருப்பார்கள், அது துருப்பிடிக்காது, மின்சாரம் தங்குதடையில்லாமல் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பிரித்தெடுக்கத்தான் வழி தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. தனித்தனியாக ஊற்றினால் மசியாத தங்கம், நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் என்ற இரண்டு அமிலமும் சேர்ந்த ராஜ திராவகத்தில் கரைந்துவிடும். பிறகு அதில் ஓர் உப்பைப் போட்டால் சேறு மாதிரி பழுப்புத் தூள் அடியில் படியும்.

"இதுவா தங்கம்?" என்று அவர் முகம் சுளித்தார்.

உருக்கியதும் குன்றிமணி அளவுக்கு மஞ்சளாக உருண்டு நின்றது. அன்றைக்கே வந்தவர் போனவரிடமெல்லாம், "நானே கண்டுபிடிச்ச முறை" என்று சொல்லிக்கொண்டார்.

அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அவள் தினமும் தங்கம் பிரித்தாள். எந்நேரமும் செம்பழுப்புப் புகை.

"மாமா, புகையை வெளிய இழுக்க ஒரு ஃபேன் வச்சுக் குடுங்க."

"அதான் ஜன்னல் இருக்கேம்மா!"

கணவனிடம் சொன்னாள். "அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றான்.

மூன்றாம் வருஷம், ஒரு மழைநாள். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அமிலத் தொட்டி பொங்கி, கொட்டகை முழுக்கப் புகை நிறைந்தது. வெளியே ஓடி வந்தவள் நன்றாகத்தான் இருந்தாள். சமைத்தாள், துணி மடித்தாள். மறுநாள் காலையில் மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

நாலாம் நாள் கணவனின் அண்ணன் பழப்பையோடு வந்தார். "எப்படிம்மா இருக்கே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் குனிந்தார். "அந்தத் தூள் படியறதுக்கு ஏதோ போடுவியே, எவ்வளவு போடணும்? தொட்டி அப்படியே நிக்குது."

ஆக்சிஜன் முகமூடியோடு பேச முடியவில்லை. காகிதம் வாங்கி எழுதினாள்: 'நீங்க கண்டுபிடிச்ச முறைதானே, மாமா.'

அவர் முகம் கறுத்தது. கட்டில் பக்கத்தில் நின்றிருந்த கணவன் தொண்டையைச் செருமினான்.

"எனக்குத் தெரியும்ணே. இவ பண்றதைப் பாத்திருக்கேன்."

மறுநாளே அவன் கொட்டகைக்குப் போனான். அப்போதும் ஃபேனைப் பற்றி அவன் அண்ணனிடம் கேட்கவில்லை.

வீடு திரும்பியவளுக்கு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அவனும் இருமுகிறான். டாக்டரிடம் போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.