சாமியின் சரணமும் பிரஷர் மாத்திரையும்

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் கணவர், போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "விரதத்துல ஒடம்பே சுத்தமாயிடும், மாத்திரை எதுக்கு?" என்றார். நானும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலைப் பூஜையில், தெருவே எழும்படி சரணம் சொல்பவருக்கு நாக்கு குழறியது. வாய் ஒருபக்கம் கோணி, கற்பூரத்தட்டு கையிலிருந்து நழுவியது.

"பச்சத்தண்ணியில குளிச்சதுதான் அண்ணி, படுத்தா சரியாப்பூடும்" என்றார் கொழுந்தனார்.

"படுக்கறதெல்லாம் அப்புறம், வண்டிய எடுங்க தம்பி!" என்று கத்தினேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில், பிரஷர் ஏறி மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உடனே போனதால் பேச்சு திரும்பியது.

இந்த வருடமும் மாலை போட்டிருக்கிறார். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் பூஜை. முன்பெல்லாம் "மெதுவா சொல்லுங்க சாமி" என்று சிடுசிடுப்பேன். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு சரணத்தையும் கேட்கிறேன். தெருவே எழுந்தால் எழட்டும்.