செலின் வக்கீல் கடல் தாண்டி அனுப்பிய சாட்சியம்

முடிவெட்டும் கடையில் முகம் நிறைய சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது: வக்கீல் செலின் காலமாகிவிட்டார். ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் மழிக்காமலும் ஓடினேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று திணறியது அதனால்தான். மன்னிக்கவும். செலின் பார்த்திருந்தால் சிரித்தே இருப்பார்.

நாகர்கோவிலில் ஒரே மாடியில் அவர் வக்கீல், நான் நோட்டரி. பத்திரங்களில் முத்திரை குத்துவதும், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று விசாரிப்பதும் என் வேலை. இரண்டாவதில்தான் எனக்குப் பெயர்.

சுனாமிக்கு ஏழெட்டு வருஷம் கழித்து, தேங்காய்ப்பட்டணத்துப் பக்கமிருந்து பிலோமி என்ற பெண் வந்தாள். வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போன அவள் கணவன் அங்கே சிறையில். படகு கடல் எல்லையைத் தாண்டியிருக்கிறது, முதலாளி தலைமறைவு. விசாரணையில் "கூலியா, பங்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிடித்த மீனில் பங்கு வாங்குவதுதான் நம் கடற்கரை வழக்கம்; கூலிக்காரன் என்றால் கௌரவக் குறைச்சல். "பங்கு" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டான். படகின் கூட்டு முதலாளி என்று அரபியில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கையொப்பம் வாங்கிவிட்டார்கள். முதலாளி மேல் விழவேண்டிய குற்றம் இவன் தலையில் விழுந்தது.

"எனக்க மாப்பிளைக்கு அந்தப் போட்டுல ஒரு ஆணிகூடச் சொந்தமில்ல, வக்கீலம்மா."

"அது அந்த நாட்டுச் சட்டம். இங்க இருந்துட்டு நாம என்ன செய்ய?" என்றேன், பெரிய மேதை மாதிரி.

செலின் திரும்பினார். "நம்ம மீனு கடல் தாண்டிப் போவுது, ஆளும் போறான். நியாயம் மட்டும் கரையிலயே குத்த வச்சு இருக்கணுமோ, சாரே?"

"தொழிலாளர் உரிமை ஒப்பந்தத்துல அந்த நாடு கையெழுத்தே போடலியே."

"போடாத நாட்டுக்கும் வெக்கம்னு ஒண்ணு இருக்கும்லா?"

மறுநாள் காலை மீன் ஏலம் நடக்கும் கடற்கரையில் நின்றார். என்னையும் இழுத்துப் போயிருந்தார். பங்கு வாங்குகிறவன் படகுக்குச் சொந்தக்காரன் ஆகமாட்டான் என்று மீனவர்கள் பத்துப் பதினைந்து பேர் சொன்னதை எழுதி, அவரவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி, பிறகுதான் கையொப்பம் வாங்கினார். "வெயிலு ஏறுதும்மா" என்று புலம்பியவன் அடியேன். பள்ளிவாசலில் அரபு சொல்லித்தரும் உஸ்தாது மொழிபெயர்த்துத் தந்தார். அதுவரை பக்கத்துத் தோவாளையைக்கூடத் தாண்டியிராத என் முத்திரை, அந்தத் தாள்களோடு தூதரகம் வழியாக அந்நிய நீதிமன்றத்துக்குப் போனது. நம் கரை வழக்கத்தை வேறொரு நாட்டு நீதிபதி உட்கார்ந்து படித்தார் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஏழு மாதம் கழித்து, அவன் தொழிலாளிதான் என்று அந்த நீதிமன்றம் விடுவித்தது. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி நேரே எங்கள் மாடிக்கு வந்து செலின் காலில் விழப்போனான்.

"வீட்டுக்குப் போனியா?"

"இல்லம்மா, மொதல்ல ஒங்கள..."

"ஏலே, அங்க ஒருத்தி சோறு தின்னாம கெடக்கா. ஓடு மக்கா!"

விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கதவில் காதை வைத்துக் கேட்டேன். என் புத்தி அப்படி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டாமல் இப்போது நான் முத்திரையைத் தொடுவதில்லை. போன வாரம் மண்டைக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் பாதி வாசிப்பில் கை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்தும் சாரே. அது நான் சொல்லலியே."

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். "நீங்க சொல்லுங்கம்மா."