ரஷ்யாக்காரம்மா கப்பைத் திருப்பிப் பார்த்த நாள்

ரஷ்யாவிலிருந்து ஆள் வரப்போகிறார்கள் என்று எங்கள் முதலாளி சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. வருகிறவர்களுக்கு எங்கள் சரக்கு பிடித்துப்போனால் என் வீட்டுக்காரர் ஊரில் இருப்பார். பிடிக்காவிட்டால் சவுதிக்குப் போய்விடுவார். என் கணக்கு அவ்வளவுதான். இரண்டு நாடுகளின் நட்பைப் பற்றிப் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் என் குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்தது எந்தப் பேப்பர்காரனுக்குத் தெரியும்?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்களுடையது ஒரு சின்ன யூனிட். பொம்மை, பியூஸ் கட்டை, டீ கப்பு எல்லாம் செய்வோம். என் வீட்டுக்காரர் சூளை பார்ப்பவர். நான் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து, நல்லதைப் பொறுக்கி வைப்பவள். குழந்தை பிறந்து ஒரு வயது முடியவில்லை. காலையில் அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவருவேன்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். வளைகுடாவில் சண்டை முடிந்த கையோடு, சவுதியில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர் ஒரு விசாவுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அங்கே செங்கல் சூளை ஒன்றுக்கு நெருப்பு தெரிந்த ஆள் வேண்டுமாம். பக்கத்து வீட்டு டிவியில் ராத்திரி வானத்தில் குண்டு பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வானத்துக்குக் கீழே இவர் போய் நிற்பதா? "சண்டதான் முடிஞ்சிடுச்சே" என்பார் இவர். "முடிஞ்சது திரும்ப ஆரம்பிக்காதுன்னு உங்க காதுல வந்து சொன்னாங்களா?" என்பேன். அத்தோடு பேச்சு நின்றுவிடும். அக்கா வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளி எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "அவங்க மெஷினும் புது சூளையும் குடுப்பாங்க. நாம கப்பு சாசர் செஞ்சி அனுப்புவோம். ரெண்டு கவர்மெண்ட்டும் பேசி வெச்சிருக்குது. நம்ம சரக்க வந்து பாக்க வேண்டியதுதான் பாக்கி." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "புது சூளைக்கு நீதாம்பா சூப்பர்வைசரு. ஆறு மாசம் அங்க அனுப்பி ட்ரெயினிங் குடுப்பாங்க. சவுதி கிவுதின்னு அவசரப்படாத."

ஆறு மாதம்! ஆறு மாதத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். பக்கத்து மேசை அக்கா என் விலாவில் இடித்தாள். "ஏண்டி, உன் வூட்டுக்காரரு அங்கருந்து வெள்ளைக்காரி ஒருத்திய கூட்டிக்கினு வந்துட்டா என்னா பண்ணுவ?"

"வரட்டும்க்கா. பாத்திரம் வெளக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

சிரித்தோமே தவிர எனக்குச் சோறு இறங்கவில்லை. ரஷ்யாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்ட வழவழப்பான தாள் அந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து கிழித்தது. அதில் பனியும் டிராக்டரும் சிவந்த கன்னத்தோடு பெண்களும் இருப்பார்கள். நெய்வேலியில் மின்சார நிலையம் கட்டியபோது வந்து உதவியவர்கள் அவர்கள்தான் என்பதால் எங்கள் பக்கத்தில் அவர்கள் மேல் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்.

மாதிரிக்கு என்று ஒரு செட் கப்பு சாசர் செய்தோம். சுத்த வெள்ளை, பூ இல்லை, கோடு இல்லை. வெள்ளைப் பீங்கானுக்கு இரும்பு ஆகாது. மண்ணில் ஒரு துளி இரும்புத் தூள் இருந்தாலும் சுட்டதும் கருப்புப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதனால் கரைத்த மண்ணைக் காந்தத்தின் மேல் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தேன். யாராவது துருப்பிடித்த ஆணியோடு என் மேசைப் பக்கம் வந்தால் நாய் மாதிரிக் குரைத்தேன். தேறிய கப்புகளை, பளபளப்புக் கொடுக்கிற மெருகுக் கரைசலில் முக்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்து, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் மெருகு முக்கியது, சூளையில் அடுக்கியது, ஆறியதும் எடுத்து வைக்கோலில் சுற்றி வைத்தது எல்லாம் அவர்தான். வேறு யாரையும் தொட விடவில்லை.

வருகிற அன்று பேட்டையே எங்கள் வாசலில் நின்றது. மற்ற யூனிட்காரர்கள் எங்களுக்கு வந்த யோகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. முதலாளி கட்சிக்காரர் ஒருவரிடம் சிவப்புக் கொடியை இரவல் வாங்கி வந்து நம் கொடிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். இது அந்த நாட்டுக் கொடிதானா என்று யாரோ கேட்டதற்கு, "சுத்தி இருக்குதா, அரிவா இருக்குதா, அப்புறம் என்னா?" என்று எரிந்து விழுந்தார்.

நெய்வேலி விருந்தினர் விடுதியிலிருந்து ஒரு அம்பாசடர் கார் வந்து நின்றது. இறங்கியது ஓர் அம்மா, கூட மெட்ராசிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கண்ணாடித் தொழிற்சாலையிலும் பீங்கான் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த இன்ஜினீயராம். முதலாளியின் பேத்தி பட்டுப் பாவாடையோடு பூச்செண்டு கொடுத்தாள். அந்த அம்மா வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நேரே கப்புகளிடம் போனார்.

முதல் கப்பை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நிழல் கப்பின் சுவரில் தெரிந்தது; நல்ல பீங்கான் அப்படித்தான் வெளிச்சம் விடும். தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகம் மாறியது. கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். அந்தக் கப்பைத் தனியாக வைத்தார். இரண்டாவதைத் திருப்பினார். அதையும் தனியாக வைத்தார். மூன்றாவதும் அங்கேதான் போனது.

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி முதலாளியிடம் சொன்னார். "அடியில கருப்புப் புள்ளி இருக்குங்க. மண்ணுல இரும்பு இருக்குதுன்னு சொல்றாங்க. எல்லாத்துலயும் இருந்தா கஷ்டம்."

முதலாளி பேயறைந்த மாதிரி நின்றார். இரும்பா? என் கையிலிருந்து போன கப்பிலா? முதலாளி என்ன நினைத்தாலும் சரி என்று மேசைக்குப் போய் ஒரு கப்பை எடுத்துத் திருப்பினேன். மெருகுக்கு அடியில், நடுவில், கடுகளவு கருப்பு. அடுத்ததிலும் அதே நடுவில். இரும்புத் தூள் இப்படி இடம் பார்த்தா உட்காரும்? அது பொம்மைக்குக் கண் எழுதுகிற கருப்புச் சாயம். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரோரம் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்தபடி கேட்டேன். "நீங்களா வெச்சீங்க?"

"பேட்ட பூரா அது மேலதான் கண்ணு வெச்சிட்டிருக்குது" என்றார் மெல்ல. "உன் கண்ணு, என் கண்ணு, மொதலாளி கண்ணு. இத்தினி கண்ணு பட்டா எது தாங்கும்? அடியிலதான வெச்சேன், யாரு திருப்பிப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

அட என் கடவுளே! சவுதிக்குப் போகத் தயாராக இருக்கிறவர் மாதிரி என்னிடம் வாயடித்துக்கொண்டிருந்த மனுஷன், போகாமல் இருக்க ஒவ்வொரு கப்புக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறார். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அந்த அம்மா பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், எழுத வேணாம்னு சொல்லுங்க சார்!" என்று கத்திவிட்டேன். "அது இரும்பு இல்ல. கண்ணு படக்கூடாதுன்னு நாங்களே வெச்ச பொட்டு."

மொழிபெயர்ப்பாளர் திருதிருவென்று விழித்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவர் படித்த மொழியில் திருஷ்டி வரவில்லை போலிருக்கிறது. நான் முதலாளியின் பேத்தியை இழுத்து வந்து அந்த அம்மா முன்னால் நிறுத்தினேன். குழந்தையின் கன்னத்தில் அவள் அம்மா வைத்த மைப்பொட்டு இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். கப்பின் அடியைத் தொட்டுக் காட்டினேன். வாசலில் நின்ற கூட்டத்தைக் காட்டி, என் இரண்டு கண்ணையும் உருட்டி விழித்துக் காட்டினேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா கன்னத்தைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மறுபடியும் கன்னத்தைப் பார்த்தார். பிறகு தலையை இடது தோள் பக்கம் திருப்பித் தூ, தூ, தூ என்று துப்பினார்.

"போச்சி!" என்று முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காறித் துப்பிவிட்டாள் என்றே நானும் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ பேசினார். கேட்கக் கேட்க மொழிபெயர்ப்பாளர் முகமும் மலர்ந்தது. "அவங்க ஊர்லயும் உண்டாங்க! கண்ணு படாம இருக்க இப்படித்தான் துப்புவாங்களாம். அவங்க அம்மா இன்னிக்கும் செய்வாங்களாம்."

பக்கத்து மேசை அக்கா வாய்விட்டே சொன்னாள். "அட, நம்ம வூட்டுப் பொம்பள மாதிரியே துப்புறா பாரேன்!" எல்லோரும் சிரித்தார்கள். தனியாக வைத்திருந்த மூன்று கப்பையும் எடுத்து நான் மற்றதோடு சேர்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகும் அந்த அம்மா விடவில்லை. சிரிப்பு வேறு, வேலை வேறு என்று ஒரு கப்பை உடைத்து உள்மண்ணைப் பார்த்தார். சுடாத கப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு, ஆர்டர் கப்பில் பொட்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

சில வாரம் கழித்து முதலாளி மெட்ராசில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இனிப்போடு வந்தார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்குப் போய், விசா வேண்டாம் என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அந்த விசா நல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போனது. எனக்குக் கவலையே இல்லை. புதுச் சூளைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். இவர் பழைய புத்தகக் கடையிலிருந்து ரஷ்ய மொழிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத வார்த்தைகளைச் சொல்லிப் பழகினார். குழந்தை அவர் வாயைப் பிடித்துப் பார்க்கும். அந்த வருஷத்தில் நான் பயமில்லாமல் தூங்கியது அந்தக் கொஞ்ச நாட்கள்தான்.

ஆவணியில் டிவியில் மாஸ்கோ தெருக்களில் டாங்கி நிற்பதைக் காட்டினார்கள். மறுநாள் முதலாளியிடம் போய்க் கேட்டேன். "அது அவங்க வூட்டுச் சண்டம்மா. நமக்கும் அதுக்கும் என்னா?" என்றார் முதலாளி. மெஷின் கப்பல் ஏறப்போகிறது என்றார். பிறகு அடுத்த மாதம் ஏறும் என்றார். மழைக்காலம் வந்து கடைக்கால் குழியில் தண்ணீர் நின்றது. தவளை கத்தும் சத்தம் என் மேசை வரை கேட்டது. கப்பல் என்ற பேச்சை யார் எடுத்தாலும் முதலாளி எழுந்து உள்ளே போய்விடுவார். நான் தினமும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செய்திகள் கேட்டேன். புருஷனைக் கட்டிக் காப்பாற்ற மாஸ்கோ செய்தி கேட்டவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் சோவியத் கொடியை இறக்குவதைக் காட்டினார்கள். மறுநாளே முதலாளி மெட்ராசுக்கு ஓடினார். திரும்பி வந்தவர் எங்களை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார்.

"மெஷின் செய்யற ஊரு இப்ப ஒரு நாட்டுல இருக்குதாம். கையெழுத்து போட்ட ஆபீஸு வேற நாட்டுல இருக்குதாம். யாரக் கேக்கறதுன்னு அங்க இருக்கறவங்களுக்கே தெரியல. நான் யாரு மேல கோவப்படறது, சொல்லுங்க?"

எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் யார் மேல்? பூதக்கண்ணாடி வைத்திருந்த அந்த அம்மாவுக்கும் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ. ஊருக்கெல்லாம் ஒரு நாடு உடைந்தது. எனக்கு என் வீட்டுக் கூரை பிரிந்துபோனது.

அதற்குப் பிறகு இவர் வீட்டில் சூளைப் பேச்சையே எடுக்கவில்லை. யூனிட்டில் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம், நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வெளியே போயிருந்தவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சகலைக்குப் போன் போட்டேன். ஒரு விசா இருக்குதாம். பொங்கல் முடிஞ்சி கெளம்பணும்."

எப்படியும் ஒருநாள் இது வரும் என்று தெரிந்தும், பிசைந்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. குழந்தை வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த செங்கல் சூளையாங்க?"

"இல்ல, அதுல ஆள் சேந்துட்டாரு."

"பின்ன என்னா வேல?"

பெண்ணின் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என்னா வேலன்னு நான் கேக்கல."