கைக்கு எவ்வளவு

முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். ஓசூர் ரோட்டில் வண்டி நகரவே இல்லை. தொகையைப் பார்த்ததும் பாதி மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒன்றாம் தேதியே வேலையில் சேர்ந்தது நினைவுக்கு வந்தது.

மஸ்கட்டில் பல வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அங்கே சம்பளம் என்று ஒன்றைச் சொன்னால் மாதக் கடைசியில் அது அப்படியே கைக்கு வரும். வருமான வரி கிடையாது, பிஎஃப் கிடையாது. கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டுக் கிளம்பும்போது சம்பளத்துக்கு மேல் தனியாகத் தரும் பணம். இந்தப் பழக்கம் வளைகுடாவிலிருந்து திரும்புகிற எல்லோர் எலும்பிலும் ஊறியிருக்கும். அங்கே கணவரின் வேலை போய், ஊர் திரும்புவது என்று முடிவானபோது, பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று எனக்கு ஒரு வருடத் தொகையைச் சொன்னது. நான் அதைப் பன்னிரண்டால் வகுத்தேன். வந்த எண்ணை நம்பி ஜோகுபாளையத்தில் வீடு பிடித்தோம், மகளைப் பள்ளியில் சேர்த்தோம்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. தினமும் ஊசி, மேல்கையில் காசு அளவுக்கு ஒரு சென்சார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அது சர்க்கரை அளவை என் போனுக்கும் அனுப்பும், இறங்கினால் கத்தும். மஸ்கட்டில் அத்தனையும் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையிலேயே முடிந்துவிடும். அதனால் இங்கே வேலை பேசும்போது நான் வற்புறுத்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் இன்சூரன்ஸ் உண்டா?

“முதல் நாள்லேருந்தே உண்டு மேடம். ஃபுல் ஃபேமிலி” என்றாள் ஹெச்ஆரில் இருந்த பெண்.

மறுநாள் சம்பளச் சீட்டோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண்தான், காபி சொன்னாள்.

“மேடம், நீங்க பார்த்தது சிடிசி. கம்பெனிக்கு உங்களால ஆகுற மொத்தச் செலவு. கைக்கு வர்றது வேற.”

“சரி, எங்க போச்சு மிச்சம்?”

“எங்கயும் போகல மேடம். உங்க பிஎஃப், கம்பெனி போடுற பிஎஃப், ரெண்டுமே இதுக்குள்ளதான். டாக்ஸ் பிடிச்சிருக்கோம். வேரியபிள் பே வருஷக் கடைசில வரும்.”

“வரும்னா, நிச்சயமா வருமா?”

“கம்பெனி நல்லா பண்ணா வரும்.”

“கிராஜுவிட்டியையும் என் சம்பளத்துலயே சேர்த்துக் காட்டியிருக்கீங்களே?”

“அஞ்சு வருஷம் இருந்தா உங்களுக்குத்தானே மேடம் வரப்போகுது.”

“இல்லேன்னா?”

“இருங்களேன் மேடம்” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்காகக் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம்கூட என் சம்பளமாகவே காட்டப்பட்டிருந்தது. பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் தனிப் பிடித்தம். இதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் ஆத்திரம். எல்லாம் ஆஃபர் லெட்டரின் ஏதோ ஒரு இணைப்பில் அச்சாகியிருந்தது. ஆனால் ஆளை வரவழைக்கும்போது பெரிய எண்ணைச் சொல்கிறார்கள், வந்து சேர்ந்த பிறகு சின்ன எண்ணைத் தருகிறார்கள். சந்தையில் எடை போடுகிறவன் இப்படிச் செய்தால் தராசைப் பிடுங்குவோம். இங்கே அதற்குப் பெயர் பேக்கேஜ்.

அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு மகளின் சென்சார் பில்லை எடுத்து நீட்டினேன்.

“இது வராது மேடம். ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான் பாலிசி. மருந்து, ஊசி, டாக்டர் ஃபீஸ், இதெல்லாம் வெளில வாங்குறது.”

“ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் உண்டுன்னு சொன்னீங்களே?”

“உண்டு மேடம். ஆனா பெட்ல படுக்கணும்.”

என் மகள் படுக்கக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும் செய்கிறோம் என்றேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டு, “புரியுது மேடம், பாலிசி அப்படி” என்றாள்.

அன்று மாலை சமையலறையில் நின்றபடி நானும் கணவரும் கணக்குப் போட்டோம். அவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், இன்சுலின், சென்சார். எதைத் தள்ளினாலும் ஒன்று இடித்தது. “மஸ்கட்லயே எதையாவது பிடிச்சுத் தொங்கிட்டு இருந்திருக்கலாம்” என்றார். “நீங்க தொங்கினது போதாதா?” என்று நானும் சுடச்சுடக் கேட்டேன். குரல் உயர்ந்தது. மகளின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு சில நாள் என் போனுக்கு மகளின் சர்க்கரை எண் வரவில்லை. கேட்டதற்கு, “இங்க நெட் சரியில்லம்மா, ஆப் படுத்துது. என் போன்ல வருது” என்றாள். கையில் சென்சார் ஒட்டியிருந்தது. நம்பினேன். தயாரிப்புப் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பகல் முழுக்க அது லாக்கரில்தான் கிடக்கும்.

ஒரு நாள் மதியம் செக்யூரிட்டி ஆள் என்னைத் தேடி உள்ளே வந்தார். பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பில் மகள் விழுந்துவிட்டாள், சர்க்கரை இறங்கி வலிப்பு வந்திருக்கிறது, கணவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆட்டோவில் உட்கார்ந்து, முன்னால் நின்ற லாரிகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

கண் திறந்தவளிடம் நான் முதலில் கேட்டது, “ஏன்டி?” என்பதுதான். அவள் கையில் ஒட்டியிருந்தது காலாவதியான சென்சார். அலமாரியில் இருந்த புதியதை எடுத்து ஒட்டாமல், பழையதையே நாங்கள் பார்ப்பதற்காக விட்டு வைத்திருந்தாள். விரலில் குத்திப் பார்த்துச் சமாளித்திருக்கிறாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

“நீயும் அப்பாவும் எல்லாம் சேர்த்துப் பார்த்தா சம்பளம் பத்தலைன்னு சொன்னீங்களே. ஃபீஸைக் குறைக்க முடியாது. வாடகையைக் குறைக்க முடியாது. இதை மட்டும்தான் குறைக்க முடியும்னு தோணிச்சு.”

கணவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் ஹெச்ஆர் பெண் கூப்பிட்டாள். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. “மேடம், கேஷ்லெஸ் அப்ரூவ் ஆயிடுச்சு. ஐசியூ முழுக்க கவர் ஆகும். பார்த்தீங்களா, நம்ம பாலிசி ரொம்ப நல்ல பாலிசி.”

“அந்த பில்லுக்குப் பல மாசத்துக்கு சென்சார் வாங்கலாம்மா. அதைக் கொடுத்திருந்தா அவ விழுந்தே இருக்க மாட்டா.”

“அது வேற ஹெட் மேடம், வேற கணக்கு.”

போனை வைத்துவிட்டேன். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் என் போனில் கிடைக்க மாட்டார்கள். என் மகள் விழுந்தால் லட்சம் கொடுப்பார்கள், விழாமல் இருக்கச் சல்லிக்காசு தர மாட்டார்கள். அதையும் ‘பெனிஃபிட்’ என்று எழுதி என் சம்பளத்தில் கூட்டிக் காட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டு ஈஜிபுராவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். வாடகையைக் குறைக்க முடியாது என்று நினைத்த பெண்ணுக்கு, முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தனி அறை போயிற்று. பள்ளிக்கு இப்போது இரண்டு பஸ்.

“நான் கேட்டேனா வீட்டை மாத்தச் சொல்லி?”

“நீ கேட்க வேண்டியதில்ல.”

“எல்லாருக்கும் சொல்லுங்க, என்னாலதான் இங்க வந்தோம்னு.”

“உன்னால இல்ல. நாங்க கணக்குத் தப்பாப் போட்டோம்.”

“நீங்க தப்பாப் போட்டதுக்கு நான் ஏன் ஹால்ல படுக்கணும்?”

நியாயமான கேள்வி. அவள் கோபம் யார்மேல் போக வேண்டுமோ அவர்கள் கண்ணில் படாததால் என்மேல் விழுகிறது. விழட்டும். தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்ததைவிட இது மேல்.

அன்று சென்சார் மாற்றும் நாள். புதியதை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.